பணியிலிருக்கும் நலவாழ்வு, சமூகப் பராமரிப்புப் பணியாளருக்கான பகுதிநேரப் பட்டக்கல்வி (ஐக்கிய இராச்சியம்)

நலவாழ்வு, சமூகப் பராமரிப்புத் துறைகளில் பகுதிநேரப் பட்டக்கல்வி என்பது, செவிலியர், மருத்துவச்சியர், சமூகப்பணியாளர், பராமரிப்பு உதவியாளர் போன்றோர் தாம் பார்த்துவரும் வேலையை விடாமல் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றைப் பெறுவதற்கான கல்வி முறை ஆகும். இளவயதில் முழுநேரமாகப் படித்துவிட்டுப் பணிக்குச் செல்வது வழக்கமான வரிசை. இங்கு அவ்வரிசை மாறுகிறது. பணி முதலில் வருகிறது, பட்டம் பின்னர் வருகிறது. இக்கட்டுரை இக்கல்வி முறை விரிவாக வளர்ந்த நாடுகளுள் ஒன்றான ஐக்கிய இராச்சியத்தில் அதன் வரலாறு, அமைப்பு, சிக்கல்கள் ஆகியவற்றைப் பற்றியது.

பின்னணி

இக்கல்விக்கான தேவை, தொழிலில் நுழைவதற்கான தகுதி காலப்போக்கில் உயர்த்தப்பட்டதால் ஏற்பட்டது. 1980கள் வரை பிரித்தானியச் செவிலியருள் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனைகளோடு இணைந்த செவிலியர் பள்ளிகளில் பயின்றவர்கள். மூன்றாண்டுப் பயிற்சியின் முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது தொழிற்பதிவுக்கு உரிய சான்றிதழ் மட்டுமே. பல்கலைக்கழகப் படிநிலையில் அதற்கு எந்த இடமும் இல்லை. எடின்பரோ பல்கலைக்கழகம் 1960 ஆம் ஆண்டிலேயே செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கியிருந்தபோதும், அது மிகச் சிலருக்கே எட்டியது.

இவர்களுக்கும் கீழே, இரண்டாண்டுப் பயிற்சி மட்டும் பெற்ற இரண்டாம் நிலைச் செவிலியர் என்னும் பிரிவினர் இருந்தனர். கரிபியத் தீவுகளிலிருந்தும் பிற குடியேற்ற நாடுகளிலிருந்தும் வந்த பெண்கள் பலர், முழுப் பதிவுக்கான பயிற்சிக்குத் தகுதி பெற்றிருந்தும் இப்பிரிவிலேயே சேர்க்கப்பட்டனர். பதவி உயர்வு ஏறக்குறைய அடைபட்டிருந்த பிரிவு இது. பின்னாளில் இவர்களுக்கென நடத்தப்பட்ட மாற்றுப் பயிற்சிகள், பணியிலிருந்தபடியே தகுதியை உயர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டின் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

1986 ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டு 1989 முதல் நடைமுறைக்கு வந்த 'புராஜெக்ட் 2000' என்னும் சீர்திருத்தம் செவிலியர் பயிற்சியை உயர்கல்வி நிறுவனங்களுக்கு மாற்றியது. புதிதாகப் பயின்றவர்கள் உயர்கல்விப் பட்டயம் பெற்று வெளிவந்தனர். அதன் பின்னர் பட்டயமும் போதாது என்றானது. வேல்ஸ் 2004 ஆம் ஆண்டிலும், ஸ்காட்லாந்து 2011 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 2013 ஆம் ஆண்டிலும் புதிய செவிலியர் அனைவரும் பட்டப்படிப்பின் வழியாகவே பதிவு பெற வேண்டும் என்னும் நிலைக்கு வந்தன. சமூகப்பணியிலும் இதே போக்கைக் காணலாம். இங்கிலாந்தில் 2003 ஆம் ஆண்டு முதல் சமூகப்பணிப் பட்டயத்தின் இடத்தைப் பட்டம் பிடித்தது. 2005 ஏப்ரல் 1 முதல் பதிவு பெறாத ஒருவர் தம்மைச் 'சமூகப்பணியாளர்' என்று அழைத்துக்கொள்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டது.

பழைய தகுதிகள் எவையும் நீக்கப்படவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. 1985 இல் சான்றிதழ் பெற்ற செவிலியர் தமது பதிவை முறையாகப் புதுப்பித்துவரும் வரை இன்றும் செவிலியரே. ஆனால் அதே வார்டில் அவரிடம் வேலை பழகும் இருபத்திரண்டு வயதினர் பட்டதாரி. 2004 ஆம் ஆண்டில் தேசிய சுகாதார சேவையில் புதிய ஊதியப் படிநிலைகள் வந்தபின், உயர் பதவிக்கான விளம்பரங்களில் 'பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி' என்னும் தொடர் வழமையாயிற்று. இருபது ஆண்டு அனுபவம் 'இணையான தகுதி' ஆகுமா என்பதை நேர்காணல் நடத்துவோர் முடிவு செய்தனர். பகுதிநேரப் பட்டக்கல்விக்கு வந்த முதல் பெருந்திரளான மாணவர்கள் இந்த இடைவெளியில் நின்றவர்களே.

கிரெடிட் கணக்கு

பிரித்தானியப் பல்கலைக்கழகப் படிப்புகள் 'கிரெடிட்' என்னும் அலகால் அளக்கப்படுகின்றன. ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு எனக் கொள்ளப்படும். வகுப்பு, வாசிப்பு, கட்டுரை எழுதுதல், தேர்வுக்கு ஆயத்தம் செய்தல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இங்கிலாந்தில் சிறப்புப் பட்டம் ஒன்றுக்கு 360 கிரெடிட்டுகள் தேவை. இவை 4, 5, 6 என எண்ணிடப்பட்ட மூன்று நிலைகளில் நிலைக்கு 120 ஆகப் பிரிந்துள்ளன. முழுநேர மாணவர் ஆண்டுக்கு 120 கிரெடிட் முடிப்பார். பகுதிநேர மாணவர் வழக்கமாக 60 முடிப்பார். அதனால் முழுப் பட்டத்துக்கும் ஆறு ஆண்டுகள் ஆகும். ஸ்காட்லாந்தின் சிறப்புப் பட்டம் நான்காண்டுக்குரியது என்பதால் கணக்கு அங்கு வேறு.

ஏற்கனவே பெற்ற தகுதிக்கு இம்முறையில் மதிப்பு உண்டு. உயர்கல்விப் பட்டயம் 240 கிரெடிட்டுக்கு இணை. எனவே பட்டயம் பெற்ற செவிலியர் ஆறாம் நிலையில் 120 கிரெடிட் மட்டும் முடித்தால் பட்டதாரி ஆகலாம். 'டாப்-அப்' பட்டம் எனப் பேச்சுவழக்கில் கூறப்படுவது இதுவே. பழைய சான்றிதழ் மட்டும் உடையவரின் பயிற்சி பெரும்பாலும் நான்காம் நிலைக்கு இணையாகவே கருதப்பட்டது. அவர் இரண்டு நிலைகளை முடிக்க வேண்டியிருந்தது. முறையான படிப்பு இல்லாமல் பணி அனுபவத்தால் கற்றவற்றையும் சான்றுக் கோப்பு ஒன்றைத் தொகுத்துக் கொடுத்து கிரெடிட்டாகப் பெற முடியும். எனினும் கோப்பைத் தொகுக்கும் உழைப்பு அப்பாடத்தையே படித்துவிடும் உழைப்புக்குச் சமமாகிவிடுவது உண்டு.

திறந்த பல்கலைக்கழகம்

வேலை பார்ப்போருக்கான பட்டக்கல்வி பிரித்தானியாவில் புதியதன்று. 1823 ஆம் ஆண்டில் தொழிலாளர் கல்விக் கழகமாகத் தொடங்கிய லண்டனின் பர்க்பெக் கல்லூரி மாலை நேர வகுப்புகளுக்குப் பெயர் பெற்றது. ஆனால் மாலை வகுப்பு, மாலையில் வீடு திரும்புவோருக்கே பயன்படும். இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறி வரும் செவிலியருக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு மணிக்கு வகுப்பில் இருப்பது இயலாத காரியம். இந்த எளிய காரணத்தால்தான் தொலைக்கல்வி இத்துறையில் வேரூன்றியது.

1969 ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்ற திறந்த பல்கலைக்கழகம், 1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களுடன் கற்பித்தலைத் தொடங்கியது. நுழைவுக்கு முன்தகுதி எதையும் அது கேட்கவில்லை. பள்ளியிறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறாமல் பதினெட்டு வயதில் மருத்துவமனைப் பயிற்சிக்குச் சென்றுவிட்டவர்களுக்கு இது முக்கியமான வாய்ப்பாக அமைந்தது. மாற்றுத்திறனாளிகள் சமூகத்தில் வாழ்வது பற்றிய பாடம் ஒன்றை இப்பல்கலைக்கழகம் 1975 ஆம் ஆண்டிலேயே நடத்தியது. 1998 இல் தொடங்கப்பட்ட 'கே100' என்னும் அறிமுகப் பாடம் நலவாழ்வையும் சமூகப் பராமரிப்பையும் ஒரே துறையாக வைத்துக் கற்பித்தது. மருத்துவமனைச் செவிலியரும், முதியோர் இல்லப் பணியாளரும், வீட்டில் தாயைக் கவனித்துவரும் மகளும் ஒரே பாடநூலைப் படித்தனர்.

2002 ஆம் ஆண்டில் இப்பல்கலைக்கழகம் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. அதுவரை அது ஏற்கனவே செவிலியரானவர்களுக்கே கற்பித்துவந்தது. இப்போது வார்டுகளில் உதவியாளராக இருப்போர், தம் பணியமர்த்துநரின் ஆதரவுடன் நான்காண்டுகள் பகுதிநேரமாகப் பயின்று செவிலியராகவே பதிவு பெறும் படிப்பைத் தொடங்கியது. பதிவுக்கு இட்டுச்செல்லும் படிப்பில் 4,600 மணி நேரம் நிறைவு செய்யப்பட வேண்டும். அதில் பாதி செயல்முறைப் பயிற்சி. உதவியாளராகத் தாம் பார்க்கும் வழக்கமான வேலை இந்தக் கணக்கில் சேராது. பயிற்சி நாட்களில் அவர் மாணவராக மட்டுமே இருக்க வேண்டும். அதே வார்டில் திங்களன்று உதவியாளராகவும் வியாழனன்று மாணவராகவும் நிற்பவரைப் பார்த்து நோயாளி மட்டுமன்றிச் சக பணியாளரும் குழம்புவதுண்டு.

உள்ளடக்கமும் மதிப்பீடும்

பணியிலிருப்போருக்கான பாடங்களில் உடற்செயலியல் போன்ற அடிப்படைகள் குறைவாகவே இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து மதிப்பிடுதல், சட்டமும் அறமும், தலைமைத்துவம், மருந்து எழுதிக்கொடுக்கும் அதிகாரத்துக்கான பயிற்சி, நெடுநாள் நோய்கள், மறதிநோய்ப் பராமரிப்பு, குழந்தைப் பாதுகாப்பு முதலியவை வழக்கமான பாடங்கள். மதிப்பீடு பெரும்பாலும் கட்டுரைகளாலும் இறுதியில் எழுதப்படும் நீண்ட ஆய்வேட்டாலும் நடைபெறுகிறது.

இவற்றுள் தனித்தன்மை உடையது சிந்தனைக் குறிப்பு எனத்தக்க எழுத்து முறை. தாம் பணியில் எதிர்கொண்ட நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தோம், வேறு எப்படிச் செய்திருக்கலாம் என மாணவர் ஆராய்ந்து எழுத வேண்டும். அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும், கிரகாம் கிப்ஸ் 1988 ஆம் ஆண்டில் முன்வைத்த சுழற்சி வரைவும் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. நோயாளியின் பெயரோ, மருத்துவமனையின் பெயரோ, அவரை அடையாளம் காட்டும் வேறு குறிப்போ கட்டுரையில் இடம்பெறலாகாது. இவ்விதியை மீறிய கட்டுரை, எத்துணைச் சிறப்பாக எழுதப்பட்டிருந்தாலும், தோல்வியடைந்ததாக அறிவிக்கப்படக்கூடும்.

முதல் ஆண்டில் பலரைத் தடுமாறச் செய்வது பாடம் அன்று, எழுத்து. வார்டில் எழுதும் குறிப்பு சுருக்கமாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் இருக்க வேண்டும். பல்கலைக்கழகக் கட்டுரையோ வாதங்களை அடுக்கி, சான்று காட்டி, மாற்றுக் கருத்தையும் எடைபோட்டுச் செல்ல வேண்டும். பல ஆண்டுகள் முதல் வகையை மட்டும் எழுதிப் பழகிய கைக்கு இரண்டாவது வகை எளிதில் வருவதில்லை. திறமை வாய்ந்த செவிலியர் ஒருவர் தமது முதல் கட்டுரைக்குக் கிடைத்த குறைந்த மதிப்பெண்ணைத் தம் தொழில்திறன் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் உண்டு. படிப்பைக் கைவிடுவோரைத் தடுக்க முதல் கட்டுரைக்கு ஆசிரியர் எழுதும் குறிப்புரை எந்த உதவித்தொகைக்கும் குறையாத பங்கு வகிக்கிறது எனலாம்.

நேரமும் படிப்பு விடுப்பும்

இக்கல்வியின் உண்மையான விலை நேரம் ஆகும். ஆண்டுக்கு 60 கிரெடிட் என்றால் 600 மணி நேரம். திறந்த பல்கலைக்கழகத்தின் பாட ஆண்டு அக்டோபரில் தொடங்கிச் சூன் வாக்கில் முடிவதால், வாரத்துக்கு 16 முதல் 18 மணி நேரம் படிப்புக்கு ஒதுக்க வேண்டும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் முழுநேரப் பணி வாரத்துக்கு 37½ மணி. இரண்டும் சேர்ந்து 53 மணிக்கு மேலாகிறது. பயணம், வீட்டு வேலை, குழந்தைகள் ஆகியவை இதற்கு வெளியே.

பன்னிரண்டு மணி நேரப் பணிமுறை இக்கணக்கை வேறு விதமாக மாற்றுகிறது. நாளொன்றுக்கு ஊதியத்துக்குரிய நேரம் 11½ மணி எனக் கொண்டால், நான்கு வாரத்தில் 13 நாட்கள் மட்டுமே பணிக்குச் செல்ல வேண்டும். மீதி 15 நாட்கள் ஓய்வு நாட்கள். தாளில் பார்த்தால் படிப்பதற்கு ஏராளமான நாட்கள் உள்ளன. ஆனால் மூன்று இரவுப் பணிகளுக்குப் பின் வரும் முதல் நாள் உறக்கத்தில் போய்விடும், இரண்டாம் நாள் தலை தெளிவதற்குள் கழிந்துவிடும். கட்டுரை எழுதத்தக்க நாட்களை எண்ணினால் அவை மிகச் சிலவே. பணியட்டவணை சில வாரங்களுக்கு முன்னரே வெளியிடப்படுகிறது, கட்டுரை சமர்ப்பிக்கும் நாளோ ஆண்டின் தொடக்கத்திலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. இரண்டும் மோதும்போது விட்டுக்கொடுப்பது வழக்கமாக மாணவரே.

எனவே பணி நேரத்துக்குள் படிப்பதற்கு விடுப்பு கிடைக்கிறதா என்பதே பலருக்கு முதன்மையான கேள்வி. வாரத்துக்கு ஒரு நாள், அதாவது 7½ மணி நேரம், ஒரு வார்டிலிருந்து ஐந்து பேருக்குப் படிப்பு விடுப்பு அளித்தால் அது ஒரு முழுநேரச் செவிலியரின் பணிநேரம் முழுவதற்கும் சமம். அந்த இடத்தை நிரப்ப மாற்றுப் பணியாளருக்குப் பணம் ஒதுக்கப்படாவிட்டால், வார்டுத் தலைவி முன் இருப்பவை இரண்டே வழிகள். ஒன்று, விடுப்பை மறுப்பது. மற்றொன்று, எஞ்சியவர்களின் சுமையைக் கூட்டுவது. பாடக் கட்டணத்தைப் பணியமர்த்துநர் கொடுத்து, நேரத்தைக் கொடுக்காமல் விடும் நிலை அரிதன்று. அவ்வாறு படிப்பவர் தம் ஆண்டு விடுப்பைத் தேர்வுகளுக்கும் கட்டுரைகளுக்கும் செலவிடுகிறார்.

கட்டாயத் தொழில்சார் கல்வியை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் மன்றம் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய மறுஉறுதிப்பாட்டு முறையின்படி, ஒருவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை 450 மணி நேரப் பணியையும் 35 மணி நேரக் கற்றலையும் காட்ட வேண்டும். 35 மணி நேரத்தை 1,200 மணி நேர டாப்-அப் பட்டத்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். முன்னது பதிவைத் தக்கவைப்பதற்கு, பின்னது படி ஏறுவதற்கு.

கட்டணம்

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் பதிவுபெற்ற செவிலியரின் டாப்-அப் படிப்புக்கான செலவைப் பெரும்பாலும் தேசிய சுகாதார சேவையின் பயிற்சி நிதியே ஏற்றது. பின்னர் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. 2008 முதல் இங்கிலாந்தில், ஏற்கனவே பெற்ற தகுதிக்குச் சமமான அல்லது தாழ்ந்த தகுதிக்காக மீண்டும் படிப்போருக்குப் பல்கலைக்கழக மானியம் பெருமளவு நிறுத்தப்பட்டது. 2012 இல் கட்டண உச்சவரம்பு முழுநேரத்துக்கு 9,000 பவுண்டாகவும் பகுதிநேரத்துக்கு 6,750 பவுண்டாகவும் உயர்ந்தது. அதே ஆண்டில் பகுதிநேர மாணவருக்கும் முதன்முறையாகக் கல்விக் கடன் கிடைத்தது. ஆயினும் அடமானக் கடனும் பிள்ளைகளும் உள்ள நாற்பது வயதினர் மற்றொரு கடனை எடுக்கத் தயங்கினர். மேலும், படிப்புத் தொடங்கி நான்கு ஆண்டுகள் கழிந்த ஏப்ரலிலிருந்தே திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதால், ஆறாண்டுப் படிப்பில் இருப்பவர் படிப்பு முடியும் முன்னரே தவணை கட்டத் தொடங்கிவிடுவார். 2010க்கும் 2015க்கும் இடையே இங்கிலாந்தில் பகுதிநேர இளநிலைப் படிப்பில் சேர்வோர் தொகை பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது மாற்றம், 2016 முதல் பதிவுபெற்ற பணியாளருக்கான தேசியப் பயிற்சி நிதி இரண்டே ஆண்டுகளில் பாதிக்கும் கீழாகக் குறைக்கப்பட்டமை ஆகும். 2020 முதல் செவிலியர், மருத்துவச்சியர், இயன்முறை மருத்துவர் போன்றோர் ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டுகளில் 1,000 பவுண்டு என்ற அளவில் அது ஓரளவு மீட்கப்பட்டது. இத்தொகை தனிப் பாடங்களுக்கு உதவும், பட்டத்துக்குப் போதாது. வேல்ஸ் வேறு பாதையில் சென்றது. 2018 முதல் பகுதிநேர மாணவருக்கும் வாழ்க்கைச் செலவுக்கான உதவியை அது வழங்கியது. ஸ்காட்லாந்தில் குறைந்த வருமானமுடைய பகுதிநேர மாணவருக்குக் கட்டண மானியம் உண்டு.

தொழிற்பழகுநர் வழி

2001 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட அடித்தளப் பட்டம் 240 கிரெடிட் கொண்டது. உதவியாளருக்கும் செவிலியருக்கும் இடைப்பட்ட பணிகளுக்கு இது வழிவகுத்தது. 2019 சனவரி முதல் 'நர்சிங் அசோசியேட்' என்னும் பணிப்பெயர் இங்கிலாந்தில் மட்டும் முறையாகப் பதிவு செய்யப்பட்டுவருகிறது. 2017 ஏப்ரலில், ஆண்டு ஊதியச் செலவு 30 இலட்சம் பவுண்டைத் தாண்டும் பணியமர்த்துநர் மீது 0.5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அவ்வரியிலிருந்து தொழிற்பழகுநர் பட்டப்படிப்புகளுக்கு நிதி கிடைத்தது. மாணவருக்கு ஊதியமும் உண்டு, கட்டணமும் இல்லை என்பதால் இது வரவேற்கப்பட்டது. ஆனால் அந்நிதியைப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் மட்டுமே செலவிடலாம். மாணவரின் ஊதியத்துக்கோ, அவர் வகுப்பில் இருக்கும்போது வார்டில் நிற்பவரின் ஊதியத்துக்கோ செலவிட முடியாது. மேலே கூறிய படிப்பு விடுப்புச் சிக்கல் இங்கும் அப்படியே நிற்கிறது.

சமூகப் பராமரிப்பில் நிலை

இரு துறைகளும் சேர்த்தே பேசப்பட்டாலும் வாய்ப்புகள் சமமானவை அல்ல. உள்ளூராட்சிகளில் பணிபுரியும் சமூகப்பணி உதவியாளர் அங்கிருந்தபடியே சமூகப்பணிப் பட்டம் பெறுவதற்கு நிலையான வழி உண்டு. முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பராமரிப்பாளரின் நிலை வேறு. அவர்களைப் பணியமர்த்துவோர் பெரும்பாலும் தனியார், அவருள்ளும் சிறு நிறுவனத்தார் பலர். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றில் பராமரிப்பாளருக்குத் தொழிற்பதிவு உண்டு. இங்கிலாந்தில் அது இல்லை. பட்டம் பெற்றாலும் அதற்கேற்ற ஊதியப் படி இல்லாத இடத்தில், படிப்பவர் அத்துறையை விட்டுச் செவிலியராகவோ சமூகப்பணியாளராகவோ வெளியேறுவதே படிப்பின் விளைவாக அமைகிறது.

வெளிநாட்டில் பயின்ற செவிலியர்

தமிழ்நாடு, கேரளம் முதலிய இடங்களில் பொதுச் செவிலியம் மற்றும் பேறுகாலச் செவிலியப் பட்டயம் பெற்றுப் பிரித்தானியா சென்றவர்கள் இக்கல்வியின் பயனாளருள் குறிப்பிடத்தக்க பிரிவினர். ஆங்கிலத் தேர்விலும் திறனறி தேர்விலும் தேறினால் பட்டயத்தைக் கொண்டே அவர்கள் அங்கு பதிவு பெற முடியும். பதவி உயர்வின்போதே பட்டம் இல்லாத குறை தெரியவருகிறது. பல பல்கலைக்கழகங்கள் இந்தியப் பட்டயத்தை ஏற்று அவர்களை டாப்-அப் படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. இதே இடைவெளியை நிரப்ப இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், இலங்கையில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் பணியிலிருக்கும் பட்டயச் செவிலியருக்கெனப் பட்டப்படிப்புகளை நடத்தியுள்ளன.

பயன் குறித்த ஆய்வுகளும் விவாதமும்

செவிலியருக்குப் பட்டம் எதற்கு என்னும் கேள்வி பிரித்தானிய நாளிதழ்களில் அவ்வப்போது எழுவதுண்டு. படித்தவர்கள் நோயாளியைக் குளிப்பாட்டத் தயங்குவர் என்பது அடிக்கடி முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு. பணியிலிருந்தபடி பட்டம் பெறுவோர் விடியற்காலை அந்த வேலையை முடித்துவிட்டே நூலைத் திறக்கின்றனர் என்பதால், அவர்களைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டுக்குப் பொருள் இல்லை.

லிண்டா எய்க்கன் தலைமையிலான குழு 2014 ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 4,22,730 பேரை உள்ளடக்கியது. பட்டதாரிச் செவிலியர் பங்கு 10 விழுக்காடு கூடியிருந்த இடங்களில், 30 நாட்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்திருந்ததை அது கண்டது. அதே ஆய்வில், செவிலியர் ஒருவரின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி சேர்ந்தபோது இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே, காரணத்தை நிறுவும் சோதனை அன்று. ஆயினும் இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். படிப்பு விடுப்பில் சென்றவரின் இடம் நிரப்பப்படாமல் இருக்கும் நாளில், முதல் முடிவை நாடி எடுக்கும் முயற்சியே இரண்டாம் முடிவு எச்சரிக்கும் நிலையை வார்டில் உண்டாக்குகிறது.